உமரிக்கீரை முளைக்கவில்லையா, சிவக்கிறதா, கரிக்கிறதா: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

உப்பளத்து வரப்பிலும் கழிமுகத்துச் சேற்றிலும் யாரும் விதைக்காமலே பாய் விரித்தாற்போல் வளர்கிற செடி உமரி. அதே செடி, பார்த்துப் பார்த்துக் கட்டிய பாத்தியில் முளைக்காமல் போகும், முளைத்தாலும் பத்து நாளில் கருகும். காரணம் தேடிப் போனால் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்போம். முளைக்கும்போது உமரிக்கு நல்ல தண்ணீர் வேண்டும். வளரும்போது உப்பு வேண்டும். காட்டில் இந்த வரிசையை மழை பார்த்துக்கொள்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை மேல்மண் உப்பைக் கழுவிவிட்ட பிறகுதான் விதை கண் திறக்கிறது. மழை ஓய்ந்து உப்பு மேலேறும் நேரத்தில் செடி அதைத் தாங்கும் வயதுக்கு வந்துவிடுகிறது. பாத்தியில் இந்த வரிசையை நாம் மாற்றிவிடுகிறோம்.

இங்கே சொல்வது சுவேடா மாரிட்டிமா என்ற ஒருபருவச் செடியைப் பற்றி. முழங்கால் உயரம், விரல் நகத்தைவிடச் சற்று நீண்ட, ஒருபக்கம் தட்டையான உருளை இலை, கடித்தால் உப்புச்சாறு. பிச்சாவரத்திலிருந்து தூத்துக்குடி வரை கடலோரத்தில் உமரி என்றால் பல இடங்களில் இதுதான். ஆனால் பெயர் குழப்பம் உண்டு. அதைக் கீழே அறிகுறி 7-இல் பார்க்கலாம்.

முதலில் கைவசம் வேண்டியவை

வடிகட்டிய மழைநீர் ஐந்து லிட்டர் (இல்லையென்றால் ஆர்.ஓ. தண்ணீர்), வெள்ளைப் பருத்தித் துணி, மூடியுள்ள கண்ணாடிப் பாட்டில் இரண்டு, தண்ணீரில் கரைந்துள்ள உப்பை அளக்கும் ஒரு டி.டி.எஸ். மீட்டர்.

மீட்டரில் ஒரு பொறி இருக்கிறது. ஆர்.ஓ. கடைகளில் கிடைக்கிற மலிவான மீட்டர் பெரும்பாலும் 9990 (லிட்டருக்கு மில்லிகிராம்) வரைதான் காட்டும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு, அதாவது 35,000. நேரடியாக முக்கினால் பிழை காட்டும் அல்லது பொய்யான எண் வரும். ஒரு டம்ளர் பாத்தித் தண்ணீருடன் ஒன்பது டம்ளர் ஆர்.ஓ. தண்ணீர் கலந்து அளந்து, வந்த எண்ணைப் பத்தால் பெருக்குங்கள். ஏறக்குறையச் சரியாக இருக்கும். நம் வேலைக்கு அது போதும்.

மண்ணை அளக்க, உலர்ந்த மண் ஒரு பங்கு, மழைநீர் இரண்டு பங்கு. நன்றாகக் கலக்கி அரை மணி நேரம் வைத்து மேலே தெளிந்ததில் அளக்கவும். தனி எண்ணாக அது பெரிதாக எதையும் சொல்லாது. செடி செழித்த இடத்து மண்ணையும் வாடிய இடத்து மண்ணையும் ஒரே நாளில், ஒரே அளவில் கலக்கி ஒப்பிட்டால்தான் பேசும்.

## அறிகுறி 1: விதைத்துப் பத்து நாளாகியும் முளைக்கவில்லை

விதையைச் சந்தேகிப்பது முதல் வேலை. செலவில்லாதது. காய்ந்த கதிரை உள்ளங்கையில் வைத்துத் தேயுங்கள். பூவிதழ் உமியாகப் பறந்து, கறுத்துப் பளபளக்கிற, ஒன்றரை மில்லிமீட்டர் அளவுள்ள விதை கையில் நிற்க வேண்டும். உமி மட்டும் வந்தால் பச்சையிலேயே பறித்துவிட்டீர்கள். வெளியே பருத்துத் தெரிந்தாலும் உள்ளே விதை திரண்டிருக்காது.

விதை வந்தால், நான்கைந்தை ஒரு இரவு மழைநீரில் ஊறவைத்து ஊசியால் தோலைக் கீறிப் பாருங்கள். உள்ளே கரு கொசுவத்திச் சுருள்போல் சுருண்டிருக்கும். நல்ல கரு விறைப்பாக, கீறியதும் சற்றே அவிழும். குழகுழவென்று பழுப்பாக இருந்தால் அந்த விதை செத்தது. ஐந்தில் மூன்று செத்திருந்தால் அந்தக் கூட்டத்தையே விட்டுவிட்டு வேறு விதை தேடுவதுதான் சரி.

அடுத்து, துணிச் சோதனை. இரண்டு ஈரத்துணியில் ஐம்பது ஐம்பது விதை. ஒன்றை மழைநீரில் நனையுங்கள். மற்றதை உங்கள் பாத்தி மண்ணை ஊறவைத்து எடுத்த தெளிநீரில் நனையுங்கள். காயாமல் நிழலில் ஒரு வாரம், பத்து நாள்.

- மழைநீரில் முளைத்து, மண்நீரில் முளைக்கவில்லை: மேல்மண் உப்பு. கீழே உள்ள கழுவும் முறைக்குப் போங்கள்.
- இரண்டிலும் முளைத்தது: விதையும் மண்ணும் நன்றாக இருக்கின்றன. ஆழத்தில் போட்டிருப்பீர்கள், அல்லது எறும்பு, குருவி கொண்டுபோயிருக்கும், அல்லது தண்ணீர் விடும்போது விதை ஒரு மூலைக்கு ஒதுங்கியிருக்கும்.
- இரண்டிலும் முளைக்கவில்லை, ஆனால் கரு நன்றாக இருந்தது: விதை உறக்கத்தில் இருக்கலாம். பறித்த கையோடு விதைத்தால் இப்படி நடக்கும். காகித உறையில் இரண்டு மாதம் உலர்வாக வைத்துத் திரும்பச் சோதியுங்கள்.

ஆழம். விதை மேல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மணல் தூவினால் போதும். கொத்திக் கிளறி மூடினால் இவ்வளவு சின்ன விதை மேலே வராது. விதையைப் பத்து மடங்கு ஆற்றுமணலில் கலந்து தூவினால் சீராக விழும், காற்றிலும் பறக்காது.

உப்பைக் கழுவும் முறை. தண்ணீர் வடிந்து போக வழி இருந்தால் மட்டும் செய்யுங்கள். வழியில்லாத இடத்தில் கழுவினால் உப்பு எங்கும் போகாது, இரண்டு நாளில் திரும்ப மேலே வந்துவிடும். மேல் 10 செ.மீ. மண்ணுக்குச் சதுர மீட்டருக்கு 100 லிட்டர் நல்ல தண்ணீர், மூன்று தவணையாக, ஒன்று உறிஞ்சி முடிந்த பிறகு அடுத்தது. கிணற்றுத் தண்ணீரும் உப்பாக இருந்தால் இந்தச் செலவு வீண். அப்படிப்பட்ட இடத்தில் வடகிழக்குப் பருவமழை இரண்டு முறை நன்றாகப் பெய்து ஓய்ந்த மறுநாள் விதைப்பதைவிடச் சிறந்த வழி கிடையாது.

மேட்டுப்பாத்தி கட்டியிருந்தால் உச்சியில் விதைக்காதீர்கள். தண்ணீர் பக்கவாட்டில் ஏறி உச்சியில் ஆவியாகும்போது உப்பும் அங்கேதான் சேரும். சரிவின் நடுவில் விதையுங்கள். இந்த ஒன்றை மாற்றியதிலேயே பல பாத்திகள் சரியாகியிருக்கின்றன.

எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்: மூன்று தவணை கழுவியும் மீட்டர் எண் பாதிகூடக் குறையவில்லை, தண்ணீர் ஒரு நாள் முழுக்க இறங்காமல் நிற்கிறது என்றால் பிரச்சினை உப்பு மட்டும் இல்லை. அறிகுறி 5-ஐப் படித்துவிட்டு மண் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

## அறிகுறி 2: முளைத்து, இரண்டு நான்கு இலையில் சாய்ந்து விழுகிறது

குனிந்து தண்டின் அடியைப் பாருங்கள். விடை அங்கேதான் இருக்கிறது.

அடித்தண்டைச் சுற்றி வெள்ளை வளையம், தண்டு காய்ந்து சுருங்கியிருக்கிறது. மழை விட்டு நாலைந்து வெயில் நாளில் மேலேறிய உப்பு. காலையில் பூவாளியால் நல்ல தண்ணீர் தெளித்து, நாற்றுகளுக்கு இடையே வைக்கோலை மெல்லியதாகப் பரப்புங்கள். மண் நேரடியாக வெயிலில் காயாமல் இருந்தால் உப்பு ஏறும் வேகம் குறையும். ஆறு இலை வரும்வரை மேல்மண் முழுக்கக் காயவே கூடாது.

அடித்தண்டு நீர் கோர்த்து, பழுப்பாக, நூலாக இளைத்திருக்கிறது. இது அழுகல். தொட்டியிலும் நாற்றுத்தட்டிலும் நல்ல தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் வரும். தண்ணீரை நிறுத்தி, நாற்றைக் கலைத்து இடைவெளி விட்டு, காற்றோட்டத்தில் வையுங்கள். விழுந்தவை எழாது, பிடுங்கி எடுத்துவிடுங்கள்.

தண்டு வெட்டுப்பட்டுத் தலை காணவில்லை. நண்டு, நத்தை, அல்லது ஆடு. இரவில் டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

## அறிகுறி 3: உயரமாக, மெலிந்து, வெளிறி வளர்கிறது, இலையில் சதையே இல்லை

மாடித்தோட்டத்தில் வளர்ப்பவர்கள் அதிகம் சந்திப்பது இதுதான். பெரும்பாலும் செடிக்கு உப்புப் போதவில்லை.

முதலில் வெயிலைப் பாருங்கள். நாள் முழுக்க நேர்வெயில் இல்லாத இடத்தில் உமரி நெட்டையாக ஓடும். தொட்டியை நகர்த்துவதற்குச் செலவில்லை.

வெயில் சரியாக இருந்தால் உப்பு கொடுங்கள். சுவேடா மாரிட்டிமா நன்றாக வளர்வது கடல்நீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உப்புள்ள தண்ணீரில், அதாவது லிட்டருக்குச் சுமார் 12 கிராம். ஒரே நாளில் அந்த அளவைக் கொடுத்தால் அதிர்ச்சியில் துவண்டுவிடும், படிப்படியாக ஏற்றுங்கள்:

- முதல் நாலைந்து நாள்: 10 லிட்டர் வாளிக்கு 30 கிராம் கல்லுப்பு
- அடுத்த நாலைந்து நாள்: 60 கிராம்
- அதன் பிறகு: 120 கிராம்

அயோடின் சேர்த்த தூளுப்பு வேண்டாம், சாதாரணக் கல்லுப்பு போதும். கடல்நீர் கிடைத்தால் ஒரு குடம் கடல்நீருக்கு இரண்டு குடம் நல்ல தண்ணீர். தொட்டியின் அடித்துளை திறந்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஊற்றியதில் கொஞ்சம் வெளியே வழிய வேண்டும். வழியாவிட்டால் உப்பு உள்ளேயே தேங்கி இரண்டு வாரத்தில் கடல்நீரையே தாண்டிவிடும். வழியும் தண்ணீர் சிமெண்டுத் தளத்தையும் கம்பியையும் அரிக்கும் என்பதால் தட்டு வைத்துப் பிடித்து, மற்றச் செடிகள் இல்லாத இடத்தில் கொட்டுங்கள்.

உப்பு கொடுத்து மூன்று வாரமாகியும் புது இலை வெளிறியே இருந்தால் தழைச்சத்துக் குறைவு. சதுர மீட்டருக்கு இரண்டு கிலோ நன்கு மக்கிய தொழு உரம். அவசரத்துக்கு யூரியா சதுர மீட்டருக்கு 5 கிராம் கரைத்து விடலாம். ஆனால் இந்தக் குடும்பத்துச் செடிகள் நைட்ரேட்டை இலையில் சேர்த்துவைக்கும் என்பதால், யூரியா இட்டபின் மூன்று வாரம் கீரை பறிக்க வேண்டாம்.

## அறிகுறி 4: செடி சிவக்கிறது

எல்லாச் சிவப்பும் நோயல்ல. பீட்ரூட்டில் இருக்கும் அதே வகை நிறமிதான் உமரியிலும் ஏறுகிறது. எப்போது, எங்கே சிவக்கிறது என்பதுதான் கேள்வி.

இலைக்கக்கத்தில் பச்சை மணிகள் திரண்டிருக்கின்றன, பாத்தி முழுதும் ஒன்றுபோல் சிவக்கிறது. வயதாகிவிட்டது. உமரிப் பூவில் இதழ் பகட்டெல்லாம் கிடையாது, அந்தப் பச்சை மணிதான் பூவும் காயும். உரம், தண்ணீர், மருந்து எதுவும் வேண்டாம். கீரைக்குப் பறிப்பதை நிறுத்தி, விதைக்கு விட்டுவிடுங்கள்.

பூ வரவில்லை, திட்டுத் திட்டாகச் சிவக்கிறது. சிவந்த திட்டிலும் பச்சைத் திட்டிலும் மண் எடுத்து அளந்து ஒப்பிடுங்கள். சிவந்த திட்டில் எண் வெகுவாகக் கூடியிருந்தால் அங்கே மண் மேடாக இருக்கும், தண்ணீர் எட்டாமல் உப்பு மட்டும் சேர்ந்திருக்கும். மேட்டை வெட்டிச் சமப்படுத்தி ஒரு முறை நல்ல தண்ணீர் பாய்ச்சினால் நுனித்தளிர் பச்சையாக வரும். பழைய இலை பச்சைக்குத் திரும்பாவிட்டாலும் கவலை வேண்டாம், தளிரைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

இரண்டிலும் எண் ஒன்றாக இருந்தால் வறட்சி அல்லது தழைச்சத்துக் குறைவு. ஒரு சாண் தோண்டி ஈரம் இருக்கிறதா என்று பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

சிவப்போடு அடி இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன, மண்ணைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம். தண்ணீர் தேங்கி வேர் மூச்சு முட்டுகிறது. கடல் ஓதம் (அலையேற்றம்) ஏறி இறங்குவதை உமரி தாங்கும், வாரக்கணக்கில் தேங்கி நிற்பதைத் தாங்காது. பாத்தியின் தாழ்ந்த மூலையில் ஒரு அடி ஆழ வாய்க்கால் வெட்டி வடியுங்கள். வடிந்ததும் உரம் போடாதீர்கள்; புது வேர் வரப் பத்து நாள் பொறுங்கள்.

## அறிகுறி 5: மண்மேல் பொருக்குக் கட்டுகிறது

பொருக்கின் நிறத்தைப் பாருங்கள். வெள்ளையாக, மிதித்தால் பொருபொருவென்றிருந்தால் உவர், அதாவது உப்பு மிகுந்த மண். அது உமரியின் சொந்த வீடு. கருத்து அல்லது சாம்பல் பூத்து, மழை பெய்தால் கலங்கல் நீர் தெளியாமல் நின்று, காய்ந்ததும் பாறையாக இறுகினால் களர், அதாவது காரத்தன்மை ஏறிய மண். இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் களருக்கும் தண்ணீரைக் கொட்டிக் கழுவுவதால் போகும் பணம் கொஞ்சமல்ல.

உறுதிப்படுத்த, கண்ணாடிப் பாட்டிலில் ஒரு பங்கு மண், ஐந்து பங்கு மழைநீர். குலுக்கி அசையாமல் வையுங்கள். சில மணி நேரத்தில் மண் படிந்து மேலே கண்ணாடிபோல் தெளிந்தால் உவர். மறுநாளும் பால் கலந்த தேநீர்போல் கலங்கியே நின்றால் களர்த்தன்மை இருக்கிறது.

களர் என்றால் கைவைத்தியம் போதாது. பி.எச். 8.5-ஐத் தாண்டியிருக்கும், ஜிப்சம் வேண்டியிருக்கும், எவ்வளவு என்பதை ஆய்வகம்தான் சொல்ல முடியும். அடுத்தவர் வயலுக்கு இட்ட அளவை உங்கள் வயலில் இடாதீர்கள். மாதிரி எடுக்கும்போது மேல் பொருக்கைத் தனியாகவும், 0–15 செ.மீ. தனியாகவும், 15–30 செ.மீ. தனியாகவும் அரை அரைக் கிலோ எடுத்து நிழலில் உலர்த்திக் கொடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்தால் உப்பு எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதே தெரியாமல் போய்விடும். நாகைப் பக்கத்தவர்களுக்குச் சிக்கல் வேளாண் அறிவியல் நிலையம், தெற்கே இராமநாதபுரத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம். எங்கே கேட்பது என்றே தெரியாவிட்டால் கிசான் கால் சென்டர், 1800-180-1551.

## அறிகுறி 6: இலைமேல் வெள்ளைப் படிவு

உப்புச்செடி என்றால் இலை உப்பை வெளியே தள்ளும் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. ஆட்ரிப்ளெக்ஸ் என்ற வேறு உப்புச்செடி வகைகளில் இலைமேல் உள்ள நுண்பைகளில் உப்புச் சேர்ந்து மாவு பூசியதுபோல் தெரியும். அது அந்தச் செடிக்கு இயல்பு. உமரியில் அப்படி இல்லை. அது உப்பை இலைக்குள்ளேயே, சதையில் அடைத்து வைக்கிறது. ஆகவே உமரி இலைமேல் வெள்ளை தெரிந்தால் வெளியிலிருந்து வந்தது என்று பொருள்.

ஒரு கிளையை நல்ல தண்ணீரில் முக்கி எடுங்கள். கரைந்து போனால் கடற்காற்றுத் தெளித்த உப்பு, விட்டுவிடலாம். கரையாமல் பஞ்சுபோல் ஒட்டிக்கொண்டு, நசுக்கினால் பிசுபிசுத்தால் மாவுப்பூச்சி. அந்தக் கிளையை வெட்டி எரித்துவிட்டு, மற்றவற்றுக்கு லிட்டருக்கு 30 மி.லி. வேப்பெண்ணெய், கரையும் அளவுக்குக் காதி சோப்புக் கரைசல், மாலையில். துடைத்தால் போய் நாலு நாளில் திரும்ப வந்தால் பூஞ்சை; செடிகளைக் கலைத்துக் காற்றுப் போக விடுங்கள்.

இலைகளைப் பின்னிக்கொண்டு உள்ளே புழு இருந்தால் கையால் பிரித்து நசுக்குவதுதான் சிறு பாத்திக்குப் போதுமான மருந்து. பெருகினால் 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல்: லிட்டருக்கு 50 கிராம் இடித்த பருப்பை இரவு ஊறவைத்து வடிகட்டியது. கீரைக்கு வளர்ப்பதில் ரசாயன மருந்து வேண்டாம்.

## அறிகுறி 7: நார் நாராக இருக்கிறது, வேகவே மாட்டேன் என்கிறது

முதலில், பறித்தது உமரிதானா?

- இலையே இல்லை, தண்டு கணுக்கணுவாக மணி கோத்ததுபோல்: சாலிகோர்னியா. இதையும் சில ஊர்களில் உமரி என்பார்கள். நுனி மட்டும்தான் இளசு.
- ஆள் உயரப் புதர், அடித்தண்டு மரம்: கருஉமரி. விறகுக்கும் வேலிக்கும் ஆனது.
- தரையோடு படர்ந்து, எதிரெதிரே தட்டை இலை, இளஞ்சிவப்புப் பூ: ஓர்ப்பூடு.

உமரிதான் என்றால் பறித்த விதம் தவறு. நுனியிலிருந்து 8–10 செ.மீ. மட்டும், நகத்தால் கிள்ளினால் டக்கென்று ஒடிகிற இடம்வரை. ஒடியாமல் வளைந்தால் அதற்குக் கீழே நார். ஒரு சாண் அடிக்கட்டையை இலையோடு விட்டால் மூன்று நான்கு வாரத்தில் மறுபடி தழையும். மொட்டையாக வெட்டினால் தழையாது.

## அறிகுறி 8: சமைத்தால் உப்புக் கரிக்கிறது, தொண்டை அரிக்கிறது

உப்பு இலைக்கு உள்ளே இருக்கிறது. குழாயில் எத்தனை முறை அலசினாலும் மணல்தான் போகும். கொதிநீரில் இலை உடைந்தால்தான் உப்பு வெளியே வரும். தொண்டை அரிப்புக்குக் காரணம் இலையிலேயே இருக்கும் ஆக்சலேட் என்ற வேதிப்பொருள். அதிலும் ஒரு பகுதி அதே நீரோடு போய்விடும்.

கால் கிலோ இலைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கொதிக்கவிட்டு, கொதித்த பிறகு இலையைப் போட்டு ஐந்து நிமிடம். வடித்து, கை பொறுக்கும் சூட்டில் நன்றாகப் பிழியுங்கள். பிழியாமல் வைத்தால் உப்புநீர் இலையிலேயே தங்கும், பாதி வேலை வீண். புதுத் தண்ணீரில் இன்னும் மூன்று நிமிடம், மீண்டும் பிழியுங்கள். இப்போது ஒரு இலையைக் கடித்துப் பாருங்கள். இன்னும் கரித்தால் மூன்றாவது முறை. முற்றிய பருவத்துக் கீரைக்கு அது தேவைப்படும்.

கூட்டு வைப்பதென்றால் பாசிப்பருப்பை உப்பில்லாமல் தனியாக வேகவைத்துச் சேருங்கள். சின்ன வெங்காயம், வரமிளகாய் தாளித்து, தேங்காய்த் துருவல் தாராளமாக. உப்பை இறக்கும்போது சுவைத்துப் பார்த்துத்தான் போட வேண்டும், பெரும்பாலும் தேவையிருக்காது. கருவாடு சேர்த்துச் சமைத்தால் கரிப்பு நிச்சயம்.

வடித்த பிறகும் சோடியம் கணிசமாக மிஞ்சும். இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம். கல்லடைப்பு வந்தவர்களும் தவிர்க்க வேண்டும்.

## அறிகுறி 9: உமரி தின்ற ஆடு கழிகிறது

உமரியை மட்டுமே மேய விட்டிருப்பீர்கள். ஒரு நாளைத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல், வைக்கோலோ புல்லோ கலந்து கொடுங்கள். நல்ல தண்ணீர் எந்நேரமும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வழக்கத்தைவிட அதிகமாகக் குடிக்கும். வெறும் கழிச்சல் என்றால் உமரியை நிறுத்திய ஓரிரு நாளில் நின்றுவிடும். நடை தள்ளாடினால், தசை துடித்தால், படுத்துவிட்டால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஆக்சலேட்டால் இரத்தத்தில் சுண்ணாம்புச்சத்து இறங்கியிருக்கலாம், அதற்கு ஊசிதான் வழி.

## அறிகுறியே காட்டாத சிக்கல்

செடி செழிப்பாக இருக்கிறது, சுவையும் நன்றாக இருக்கிறது, ஆனால் பக்கத்தில் தோல் பதனிடும் ஆலைக் கழிவோ சாயக்கழிவோ அனல்மின் நிலையச் சாம்பல் குட்டையோ இருக்கிறது. உப்பை இழுத்துச் சேர்ப்பதுபோலவே கன உலோகங்களையும் உமரி இழுத்துச் சேர்க்கும். கண்ணாலோ நாக்காலோ கண்டுபிடிக்க முடியாது. வேகவைத்து வடித்தால் போய்விடும் என்று நம்பவும் கூடாது. அந்த இடத்துக் கீரையைப் பறிக்காதீர்கள். விற்பனைக்கு வளர்க்கிறீர்கள் என்றால், முதல் அறுவடைக்கு முன் இலை மாதிரியை எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுத்து ஈயம், காட்மியம், குரோமியம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

விதைக்கும் கீரைக்கும் காட்டுக்குப் போகிறவர்கள், பிச்சாவரம், முத்துப்பேட்டை போன்ற காப்புக்காடுகளில் வனத்துறை அனுமதியில்லாமல் கைவைக்கக் கூடாது. உப்பளத்து ஓரமும் தனியார் உவர்த்தரிசும் விதைக்குப் போதும். உரியவரைக் கேட்டு, பத்துச் செடிக்கு ஒரு செடியின் கதிரை மட்டும் உருவுங்கள். மற்றது அங்கேயே உதிர்ந்தால்தான் அடுத்த ஐப்பசிக்கு அந்த இடம் மறுபடி பச்சையாகும்.